அதிகப் புள்ளி எடுத்தவர்தான் சிறந்தவரா?



அமெரிக்காவில் என்.பி.ஏ. கூடைப்பந்து ஆட்டங்கள் இரவில் நடக்கும்போது நமக்கு இங்கே காலை நேரம். விடுமுறை நாளில் பசியாறிக்கொண்டே அவற்றைப் பார்ப்பவர்கள் நம்மிடையே நிறைய பேர் இருக்கிறார்கள். நம் கலந்துரையாடலில் அந்தப் போட்டியின் ஆண்டு விருதுகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, அரங்கில் இருந்த மாணவர் ஒருவர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். "அக்கா, யார் அதிகப் புள்ளி எடுத்தாரோ அவருக்கே விருதைக் கொடுத்துவிடலாமே! எதற்கு ஓட்டெடுப்பு?"

நேரம் முடியப் போகிறதே என்ற அவசரத்தில், "அது நிபுணர்களின் முடிவு தம்பி" என்று சொல்லி நிகழ்ச்சியை முடித்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் பதில் எனக்கே உறுத்தியது. அவருக்கு அன்று சொல்லியிருக்க வேண்டிய பதிலை இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

யார் ஓட்டுப் போடுகிறார்கள்?

என்.பி.ஏ.வின் உயரிய தனிநபர் விருது 'மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர்' விருது. ரசிகர்கள் சுருக்கமாக எம்.வி.பி. என்பார்கள். 1956-ஆம் ஆண்டு பாப் பெட்டிட் இதை முதன்முதலில் பெற்றார். 1980 வரை ஆட்டக்காரர்களே ஓட்டுப் போட்டார்கள். 1980-81 பருவத்திலிருந்து அந்தப் பொறுப்பு விளையாட்டுச் செய்தியாளர்களிடமும் வருணனையாளர்களிடமும் வந்தது. அண்மைய ஆண்டுகளில் சுமார் 100 பேர் ஓட்டளிக்கிறார்கள்.

ஒவ்வொருவரும் ஐந்து பெயர்களை வரிசைப்படுத்தி எழுத வேண்டும். முதல் இடத்துக்கு 10 புள்ளி. அடுத்த நான்கு இடங்களுக்கு முறையே 7, 5, 3, 1. எல்லாவற்றையும் கூட்டினால் யாருக்கு அதிகமோ அவரே வெற்றியாளர். சிறந்த புதுமுக ஆட்டக்காரர் விருதுக்கு மூன்றே பெயர்கள்தான். 5, 3, 1 என்று புள்ளிகள்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 'மதிப்புமிக்க' என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று ஓட்டுச் சீட்டில் விளக்கம் கிடையாது. அதிகத் திறமையா? அணிக்குக் கிடைத்த வெற்றியா? அவர் இல்லாவிட்டால் அணி என்னவாகியிருக்கும் என்ற கணக்கா? ஓட்டுப் போடுபவரே முடிவு செய்துகொள்ள வேண்டும். சண்டை எல்லாம் இங்கேதான் தொடங்குகிறது.

50 புள்ளி எடுத்தும் கிடைக்கவில்லை

1961-62 பருவத்தில் வில்ட் சேம்பர்லின் ஆட்டத்துக்குச் சராசரியாக 50.4 புள்ளி எடுத்தார். இன்றுவரை அதை யாரும் நெருங்கவில்லை. 1962 மார்ச் 2-ஆம் தேதி ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி எடுத்தவரும் அவர்தான். அப்படியானால் அந்த ஆண்டு விருது அவருக்குத்தானே? இல்லை. பாஸ்டன் செல்டிக்ஸ் அணியின் பில் ரஸ்ஸலுக்குப் போனது. எதிரணியின் பந்தைத் தடுப்பதிலும், கூடையில் பட்டுத் தெறிக்கும் பந்தைக் கைப்பற்றுவதிலும் ரஸ்ஸல் மன்னர். அவருடைய அணி 60 ஆட்டங்களில் வென்றது. சேம்பர்லினின் அணி 49-இல் வென்றது. அன்று ஓட்டுப் போட்டவர்கள், களத்தில் இருவரையும் நேரில் சந்தித்த ஆட்டக்காரர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

2006-லும் இதே கதைதான். கோபி பிரையன்ட் சராசரி 35.4 புள்ளி எடுத்தார். டொராண்டோவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 81 புள்ளி குவித்தார். ஆனால் ஓட்டெடுப்பில் அவருக்கு நான்காம் இடமே கிடைத்தது. விருது பெற்ற ஸ்டீவ் நேஷின் சராசரி 18.8 புள்ளிதான். அவருடைய பலம் மற்றவர்கள் புள்ளி எடுக்கும்படி பந்தைக் கொடுப்பது. அணியின் முக்கிய ஆட்டக்காரர் அமாரே ஸ்டாடமையர் காயத்தால் ஏறக்குறைய பருவம் முழுவதும் ஆடாத நிலையிலும் ஃபீனிக்ஸ் சன்ஸ் 54 ஆட்டங்களில் வென்றது. கோபிக்கு அநீதி நடந்தது என்று இன்றும் வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கேட்கும் கேள்வி வேறு, அன்று ஓட்டுப் போட்டவர்கள் கேட்ட கேள்வி வேறு. அதனால்தான் இரு தரப்பின் விடைகளும் மாறுகின்றன.

புதுமுகம் என்பவர் யார்?

புதுமுக விருதில் வேறொரு சிக்கல். என்.பி.ஏ.வில் அதற்கு முன் ஓர் ஆட்டம்கூட ஆடாதவர் புதுமுகம், வயது கணக்கில்லை. ஐரோப்பாவில் பெரும் புகழ் பெற்ற அர்விதாஸ் சபோனிஸ் 1995-இல் 30 வயதில் வந்து, புதுமுகமாகக் கருதப்பட்டு, விருதுக்கான ஓட்டெடுப்பில் இரண்டாம் இடம் பெற்றார்.

2016-இல் முதல் ஆளாகத் தேர்வான பென் சிம்மன்ஸ், பாதக் காயத்தால் முதல் பருவம் முழுவதும் ஆடவில்லை. அடுத்த பருவத்தில் ஆடி 2018-இல் விருதைப் பெற்றார். போட்டியில் இருந்த டோனவன் மிட்செல் 'புதுமுகம்' என்ற சொல்லுக்கான விளக்கத்தை அச்சிட்ட மேலாடையை அணிந்து வந்து தம் கருத்தைக் காட்டினார். ஓராண்டு முழுக்க அணியோடு பயிற்சி பெற்றவரும், புதிதாக வந்தவரும் ஒரே தட்டிலா என்பது அவர் எழுப்பிய கேள்வி. விதிப்படி சிம்மன்ஸ் பெற்றது சரியே. ஆனால் மிட்செலின் கேள்வியிலும் நியாயம் இல்லாமல் இல்லை.

எத்தனை நாள் களத்தில் இருந்தார்?

2016-17 பருவத்தில் ஜோயல் எம்பீட் சராசரி 20.2 புள்ளி எடுத்து அசத்தினார். ஆனால் காயத்தால் 82-இல் 31 ஆட்டங்கள் மட்டுமே ஆடினார். தேர்வில் 36-ஆம் ஆளாக வந்த மால்கம் பிராக்டன் எடுத்தது சராசரி 10.2 புள்ளி, ஆடியது 75 ஆட்டங்கள். புதுமுக விருது பிராக்டனுக்கே கிடைத்தது. எம்பீட்டுக்கு மூன்றாம் இடம்.

2023-24 பருவத்திலிருந்து எம்.வி.பி. உள்ளிட்ட முக்கிய விருதுகளுக்குப் பொதுவாக 65 ஆட்டங்கள் ஆடியிருக்க வேண்டும் என்ற விதி வந்தது. புதுமுக விருதுக்கு அந்த விதி வைக்கப்படவில்லை. அதே பருவத்தில், முந்தைய ஆண்டின் எம்.வி.பி.யான எம்பீட் முழங்கால் காயத்தால் 39 ஆட்டங்களோடு நின்று, போட்டியிலிருந்தே விலக நேர்ந்தது.

பெயருக்குப் பின்னால் பணம்

'வெறும் கோப்பைதானே, இதற்கு இவ்வளவு வாதமா?' என்று நீங்கள் நினைக்கலாம். எம்.வி.பி. ஆவதும், ஆண்டின் சிறந்த 15 பேரில் இடம் பெறுவதும் ஆட்டக்காரர் எவ்வளவு சம்பளம் கேட்கலாம் என்ற உச்சவரம்பையே உயர்த்தக்கூடியவை. 2021-இல் ஜேசன் டேட்டம் அந்த 15 பேரில் இடம் பெறவில்லை. அதனால் அவருடைய ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் 30 மில்லியன் அமெரிக்க டாலருக்கும் அதிகமான தொகை கைநழுவியது. அடுத்த ஆண்டே முதல் ஐவரில் ஒருவராக வந்தார். ஆனால் போன தொகை திரும்பவில்லை. செய்தியாளர்களின் பேனா முனையில் ஒருவருடைய வருமானம் தொங்குவது முறையா என்று இரு தரப்பிலும் கேட்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த ஓட்டு, பருவத்தின் 82 ஆட்டங்களுக்கு மட்டுமே. 2007-இல் டர்க் நொவிட்ஸ்கியின் டல்லாஸ் அணி 67 ஆட்டங்களில் வென்று, பிறகு வெளியேற்றச் சுற்றின் முதல் கட்டத்திலேயே தோற்றது. அவர் எம்.வி.பி. கோப்பையை வாங்கியபோது அவருடைய அணி போட்டியில் இல்லை. அந்த மேடையில் அவர் முகத்தில் மகிழ்ச்சியைவிடச் சங்கடமே தெரிந்தது.

நாமும் வரிசைப்படுத்தலாம்

அந்த மாணவருக்கு என் பதில் இதுதான். தம்பி, புள்ளிக் கணக்கு ஒரு சாட்சி. அதுவே தீர்ப்பு ஆகிவிடாது. நீங்கள் உங்கள் பட்டியலை எழுதும் முன் சில கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். இவர் எத்தனை ஆட்டம் ஆடினார்? அணி எத்தனை வென்றது? எதிரணியைத் தடுத்தாரா? இவரால் உடன் ஆடியவர்கள் உயர்ந்தார்களா? இவற்றில் எதற்கு முதலிடம் கொடுக்கிறீர்கள் என்பதை முதலில் சொல்லிவிட்டு, பிறகு பெயரைச் சொல்லுங்கள். அப்படிச் செய்தால் நண்பருடன் வாதம் வரும், வம்பு வராது.

என்.பி.ஏ. இப்போது யார் யாருக்கு ஓட்டுப் போட்டார் என்பதைப் பெயருடன் வெளியிடுகிறது. 2000-ஆம் ஆண்டு 121 பேரில் 120 பேர் ஷகீல் ஓநீலுக்கு முதலிடம் கொடுத்தார்கள். ஒரே ஒருவர் ஆலன் ஐவர்சனைத் தேர்ந்தெடுத்தார். அவர் செய்தது சரியோ தவறோ, காரணத்தைக் கேட்க ஊருக்கு உரிமை உண்டு. மற்றவரை வரிசைப்படுத்துகிறவர் தம் பெயரையும் அதன் கீழே எழுதத் தயாராக இருக்க வேண்டும்.

'நிபுணர்களின் முடிவு' என்று சொல்லித் தப்பித்த எனக்கும் அது பொருந்தும்.