விலை இறங்கும்போது வீடு வாங்குவது எப்போது?

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். பிழைப்பைத் தேடி மும்பைக்கு வந்து செம்பூரிலும் முலுண்டிலும் டோம்பிவிலியிலும் வேரூன்றிய நம் குடும்பங்களில் பெரும்பாலானவை வாழ்நாளில் ஒரு முறைதான் வீடு வாங்குகின்றன. அந்த நேரம் பார்த்து விலை இறங்கத் தொடங்கினால் மனம் தவிக்கிறது. "இன்று வாங்கினால் நாளை இன்னும் குறையுமோ? காத்திருந்தால் திடீரென ஏறிவிடுமோ?" என்று சங்கக் கூட்டங்களுக்கு வரும் இளைய அன்பர்கள் என்னிடம் கேட்பதுண்டு. நான் பொருளாதாரம் படித்தவன் அல்லன். ரயில்வேயில் எஸ்டிமேட் போட்டே காலம் கழித்த டிப்ளமோ இன்ஜினீயர். அந்தப் பழக்கத்தில், ஒரு தாளும் பேனாவும் கொண்டு இந்தக் கேள்வியை எப்படிப் பார்க்கலாம் என்று சொல்கிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். விலையின் அடிமட்டம் எது என்பது அதைக் கடந்த பிறகுதான் தெரியும். மும்பையின் கதையே இதற்குச் சான்று. தாராளமயத்துக்குப் பின் வெளிநாட்டு நிறுவனங்கள் வந்து குவிந்ததில் 1995 வாக்கில் இங்கு விலை உச்சத்தைத் தொட்டது. பிறகு சரிந்து, பல பகுதிகளில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் வீழ்ந்தது. மீண்டும் நிமிர 2003 ஆகிவிட்டது. அடுத்து 2008-இல் அமெரிக்க வங்கிகள் ஆட்டம் கண்டபோது இங்கும் விலை இறங்கியது. "போன தடவை போல ஏழெட்டு வருடம் ஆகும்" என்று காத்திருந்தவர்கள் ஏமாந்தார்கள். 2009 முடிவதற்குள் விலை மறுபடி ஏறத் தொடங்கிவிட்டது.

மூன்றாவது வகை இறக்கம் கண்ணுக்கே தெரியாது. 2014-க்குப் பின் சில ஆண்டுகள் மும்பையில் பல இடங்களில் விலை பெரிதாக இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை. ஆனால் மற்றப் பொருள்களின் விலை ஆண்டுக்கு நாலரை சதவீதம் ஏறினால், அசையாமல் நிற்கும் வீட்டின் விலை ஆறே ஆண்டுகளில் உண்மை மதிப்பில் கால் பங்குக்குச் சற்றுக் குறைவாகத் தேய்ந்துவிடுகிறது. ஆக, எந்த இறக்கம் எத்தனை வருடம் நீடிக்கும் என்று ஜோசியம் பார்ப்பதில் பயனில்லை. "காத்திருப்பதற்கு எனக்கு ஆண்டுக்கு என்ன செலவு?" என்று கேளுங்கள். இதற்கு விடை உண்டு.

ஓர் உதாரணம். வீட்டின் விலை ரூ. 80 லட்சம், அதே கட்டடத்தில் அதே அளவு வீட்டுக்கு வாடகை மாதம் ரூ. 17,000 என்று வைத்துக்கொள்வோம். வாங்குபவர் ரூ. 60 லட்சம் கடன் எடுக்கிறார். எட்டரை சதவீத வட்டி என்றால் முதல் ஆண்டு வட்டி சுமார் ரூ. 5.10 லட்சம். கைப்பணம் ரூ. 20 லட்சத்தை வங்கியில் போட்டிருந்தால் ஆறரை சதவீதத்தில் ரூ. 1.30 லட்சம் கிடைத்திருக்கும், அதுவும் செலவுதான். சொசைட்டி பராமரிப்பும் வரியும் மாதம் ரூ. 4,000 வீதம் ரூ. 48,000. மொத்தம் ரூ. 6.88 லட்சம். வாடகைக்கு இருப்பவரின் செலவோ ரூ. 2.04 லட்சம். வித்தியாசம் ரூ. 4.84 லட்சம், அதாவது வீட்டு விலையில் 6 சதவீதம். விலை ஆண்டுக்கு 6 சதவீதத்துக்கு மேல் ஏறினால் ஒழிய, வாடகைக்கு இருப்பவருக்கு நஷ்டமில்லை. விலை இறங்கும் காலத்தில் அவர் நிம்மதியாகத் தூங்கலாம். பத்திரச் செலவை நான் இதில் சேர்க்கவே இல்லை. மும்பையில் 6 சதவீத முத்திரைத் தீர்வை என்றால் அதுவே ரூ. 4.80 லட்சம்.

சில ஆண்டுகள் கழித்து அதே வீடு ரூ. 60 லட்சத்துக்கு வருகிறது, வாடகை ரூ. 20,000 ஆகிவிட்டது, கடன் வட்டி ஏழரை, டெபாசிட் வட்டி ஆறு சதவீதம் என்று கொள்வோம். ரூ. 45 லட்சம் கடனுக்கு வட்டி ரூ. 3.38 லட்சம், கைப்பணத்துக்கு ரூ. 90 ஆயிரம், பராமரிப்பு ரூ. 48,000, மொத்தம் சுமார் ரூ. 4.76 லட்சம். வாடகை ரூ. 2.40 லட்சத்தைக் கழித்தால் ரூ. 2.36 லட்சம், விலையில் 4 சதவீதம்கூட இல்லை. பொதுவான விலைவாசி ஏற்றமே ஏறக்குறைய அந்த அளவு இருக்கும். இந்த நிலை வந்துவிட்டால் மேலும் காத்திருப்பதில் பெரிய லாபம் இல்லை. அடிமட்டத்தை யாரும் பார்க்கவில்லை. கணக்கு மட்டும் மாறியிருக்கிறது. சுருக்கமாகச் சொன்னால், முதல் கணக்கில் வீட்டு விலை ஓராண்டு வாடகையைப் போல 39 மடங்கு. இரண்டாவதில் 25 மடங்கு. நீங்கள் வாங்க நினைக்கும் கட்டடத்துக்கு இந்த மடங்கை ஆறு மாதத்துக்கு ஒரு முறை குறித்து வாருங்கள்.

வட்டி குறையட்டும் என்று தனியாகக் காத்திருக்க வேண்டுமா? வட்டியின் பலம் பெரிதுதான். 1990-களின் நடுவில் வீட்டுக் கடன் வட்டி 15 சதவீதத்தை ஒட்டி இருந்தது. 20 ஆண்டுக் கடனில் ரூ. 10 லட்சத்துக்கு மாதத் தவணை ரூ. 13,168. வட்டி 8 சதவீதத்தருகே வந்த 2003-இல் அதே கடனுக்குத் தவணை ரூ. 8,364. ஆனாலும் வாங்கிய விலை மாறாது. மாறும் வட்டிக் கடனில் வட்டி பின்னால் குறையலாம். 2019 அக்டோபர் முதல் வங்கிகளின் புதிய மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் ரெப்போ போன்ற வெளி அளவுகோலுடன் இணைக்கப்பட்டுள்ளன. தனிநபர் எடுத்த இத்தகைய கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதமும் இல்லை. ஆகவே பேரத்தை விலையில் நடத்துங்கள்.

விலை இறங்கும் காலத்துக்கென்றே சில எச்சரிக்கைகள் உண்டு.

முதலாவது, பாதியில் நிற்கும் கட்டடம். விற்பனை படுத்தால் பில்டரிடம் பணம் வற்றும், வேலை நிற்கும். நொய்டாவில் ஆம்ரபாலி திட்டங்களில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் பணம் கட்டிக் காத்திருக்க, 2019 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தக் குழுமத்தின் பதிவை ரத்து செய்து, வேலையை முடிக்கும் பொறுப்பை அரசு நிறுவனமான என்.பி.சி.சி.யிடம் ஒப்படைக்க வேண்டியதாயிற்று. வீட்டு விலை பத்து சதவீதம் குறைந்தால் தாங்கலாம்; தவணையும் வாடகையும் சேர்ந்து வருடக்கணக்கில் கட்டுவதைத் தாங்க முடியாது. குடியேற்றச் சான்று பெற்ற வீட்டையே பாருங்கள். அதற்கு ஜி.எஸ்.டி.யும் இல்லை. கட்டுமானத்தில் இருப்பதுதான் வேண்டுமென்றால், மகாரேரா இணையதளத்தில் அந்தத் திட்டத்தில் எத்தனை வீடு விற்றிருக்கிறது, முடிக்கும் தேதி எத்தனை முறை தள்ளியிருக்கிறது என்று பாருங்கள். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்க ரேரா சட்டம் அனுமதிப்பதில்லை.

இரண்டாவது, விளம்பர விலை. பில்டர்கள் சதுர அடி விலையைக் குறைக்க மாட்டார்கள். கார் நிறுத்துமிடம் இலவசம், மாடுலர் கிச்சன் இலவசம் என்பார்கள். அந்தக் கட்டடத்தில் அண்மையில் பதிவான பத்திரங்களின் இன்டெக்ஸ்-2 நகலைப் பார்த்தால் உண்மை விலை தெரிந்துவிடும்.

மூன்றாவது, ரெடி ரெக்கனர் எனும் அரசு வழிகாட்டி மதிப்பு. சந்தை விலை இறங்கினாலும் இது உடனே இறங்காது. நீங்கள் ரூ. 60 லட்சத்துக்கு முடித்த வீட்டின் அரசு மதிப்பு ரூ. 70 லட்சம் என்றால், முத்திரைத் தீர்வை 70 லட்சத்துக்குத்தான். மேலும் வித்தியாசம் 10 சதவீதத்தைத் தாண்டுவதால் அந்த ரூ. 10 லட்சம் உங்கள் வருமானமாகக் கருதப்பட்டு வரிக்கு உள்ளாகும். மலிவாகக் கிடைத்தது என்று மகிழும் முன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சிறிய வீட்டை விற்றுப் பெரியது வாங்குவோருக்கு இறக்கம் நல்ல காலமே. ரூ. 60 லட்சம் வீடு 48-க்கும், ரூ. 1 கோடி வீடு 80 லட்சத்துக்கும் இறங்கினால், கையிலிருந்து போடவேண்டியது 40-இலிருந்து 32 லட்சமாகக் குறைகிறது. "என் வீடு குறைந்த விலைக்குப் போகிறதே" என்று வருந்திக் காத்திருக்க வேண்டாம்.

ஓய்வு பெறும் அரசு ஊழியர் நிலை வேறு. குவார்ட்டர்ஸைக் காலி செய்யும் தேதியை மார்க்கெட் தீர்மானிப்பதில்லை. கிராஜுவிட்டியும் பி.எஃப். பணமும் கைக்கு வந்த வேகத்தில் முழுவதையும் செங்கல்லில் போட்டுவிடாமல், ஓராண்டு வாடகைக்கு இருந்து பார்ப்பது நல்லது. மருத்துவச் செலவுக்கு ஒரு தொகை தனியே நிற்கட்டும்.

முடிவாக, நான் கேட்கச் சொல்லும் கேள்விகள் நான்கு. இந்த வீட்டில் குறைந்தது ஏழெட்டு வருடம் இருப்போமா? ஆறு மாதத் தவணை கையிருப்பில் மிஞ்சுமா? சான்றுகள் சரியாக உள்ளனவா? வாடகைக் கணக்கில் வித்தியாசம் 4 சதவீதத்தருகே வந்துவிட்டதா? நான்குக்கும் ஆம் என்றால் வாங்கிவிடுங்கள். அடுத்த மாதம் விலை இன்னும் இரண்டு லட்சம் இறங்கினாலும், குடியிருக்கப் போகிற உங்களுக்கு அதனால் உறக்கம் கெட வேண்டியதில்லை.