மாமாவின் டாக்சியும் புளோக்கின் மின்சாரமும்



கடந்த தீபாவளிக்கு மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். மாமா இருபது ஆண்டுகளுக்கும் மேலாக டாக்சி ஓட்டுகிறார். முறுக்குத் தட்டை என் பக்கம் நகர்த்திவிட்டு, "என்ன மருமகனே, மின்பொறியியல்தானே படிக்கிற? ஒண்ணு கேக்குறேன், சொல்லு. அடுத்து மின்சார டாக்சிதான் எடுக்கணும் போல இருக்கு. ராத்திரி எல்லாரும் ஒரே நேரத்துல காரைச் செருகினா நம்ம புளோக்கு தாங்குமா? லிஃப்ட் நின்னுபோனா உங்க பாட்டிய எப்படிக் கீழே இறக்குறது?" என்றார்.

பாட்டி சக்கர நாற்காலியில் இருக்கிறார். வீடு பதினோராவது மாடியில். ஆகவே அது விளையாட்டுக் கேள்வி அன்று. மூன்று ஆண்டுகளாக ஆங்கிலத்தில் படித்ததையெல்லாம் மனத்தில் புரட்டினேன். தமிழில் ஒரு வாக்கியமும் வரவில்லை. "தாங்கும் மாமா" என்று மட்டும் சொல்லிவிட்டு முறுக்கைக் கடித்தேன். அன்று சொல்லத் தவறிய பதிலே இக்கட்டுரை.

மின்சாரம் போதுமா?

சிங்கப்பூரில் 2030 முதல் புதிதாகப் பதிவாகும் கார்கள் எல்லாம் தூய எரிசக்தி வகையைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும். பெட்ரோல், டீசல் வாகனங்கள் 2040க்குள் படிப்படியாக விடைபெற வேண்டும் என்பது இலக்கு. 2021இல் அறிவிக்கப்பட்ட பசுமைத் திட்டத்தின்படி 2030க்குள் 60,000 மின்னூட்டும் இடங்கள் அமையவேண்டும். அவற்றுள் 40,000 பொதுக் கார்நிறுத்துமிடங்களிலும் 20,000 தனியார் இடங்களிலும் இருக்கும்.

இத்தனை கார்களுக்கும் மின்சாரம் எங்கிருந்து வரும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம் தீவில் சுமார் 650,000 கார்கள் இருக்கின்றன. ஒரு கார் ஆண்டுக்கு 17,000 கிலோமீட்டர் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 0.18 யூனிட் மின்சாரம் செலவாகும். மூன்றையும் பெருக்கினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 200 கோடி யூனிட் வரும். சிங்கப்பூர் முழுவதும் ஓராண்டில் பயன்படுத்தும் மின்சாரமோ சுமார் 5,500 கோடி யூனிட். எல்லாக் கார்களும் மின்சாரக் கார்களாக மாறினாலும் கூடுதல் தேவை 4 விழுக்காட்டுக்கும் குறைவு. மலைக்க வேண்டியதில்லை.

சிக்கல் எங்கே?

இப்போது இன்னொரு பெருக்கல். சாதாரண மின்னூட்டி 230 வோல்ட்டில் 32 ஆம்பியர் எடுக்கும், அதாவது 7.4 கிலோவாட். ஒரு வீட்டில் ஐந்தாறு குளிர்சாதனங்களை ஒன்றாக ஓடவிட்டதற்குச் சமம். அந்த 650,000 கார்களும் மாலை ஏழு மணிக்கு வீடு திரும்பியவுடன் மின்னூட்டத் தொடங்கினால் 4,800 மெகாவாட் தேவைப்படும். நாட்டின் உச்ச மின்தேவையே 8,000 மெகாவாட்டை ஒட்டித்தான் இருக்கிறது. பாதிக்கு மேல் ஒரு மணி நேரத்தில் கூடிவிடும்!

எல்லாரும் ஒரே நிமிடத்தில் செருகப் போவதில்லை என்பது உண்மைதான். ஆயினும் பாடம் தெளிவு. எவ்வளவு மின்சாரம் என்பதைவிட எந்த நேரத்தில் என்பதே மின்நிறுவனத்தின் கவலை.

அந்தக் கவலை முதலில் தட்டுவது மின்னுற்பத்தி நிலையத்தின் கதவை அன்று, நம் புளோக்கின் அருகே இருக்கும் துணை மின்நிலையத்தின் கதவை. நாம் தினமும் கடந்து போகும் அந்தச் சிறு கட்டடத்தில், 22,000 வோல்ட்டை 400 வோல்ட்டாகக் குறைக்கும் மின்மாற்றி இருக்கிறது. சுமை கூடினால் அது சூடாகும். அதனுள்ளே கம்பிச் சுருளைச் சுற்றியிருக்கும் காப்புத் தாள், உரிய வெப்பநிலையைத் தாண்டும்போது ஒவ்வொரு 6 டிகிரி செல்சியசுக்கும் இருமடங்கு வேகத்தில் முதுமையடையும் என்று எங்களுக்குப் பாடம் உண்டு. குளிர்நாடுகளில் மின்மாற்றி இரவில் ஆறிவிடும். இங்கே இரவும் வெப்பம், விடியும்வரை குளிர்சாதனம். அது இளைப்பாறும் நேரத்தில்தான் நாம் காரையும் கொண்டு வந்து கட்டப் போகிறோம்.

மின்நிறுவனம் என்ன செய்யலாம்?

முதலாவது, எந்த இடத்தில் எத்தனை மின்னூட்டிகள் என்பதை அறிந்திருக்க வேண்டும். இங்கே மின்சார வாகன மின்னூட்டச் சட்டம் 2023 டிசம்பரில் நடப்புக்கு வந்தது. அதன்படி மின்னூட்டிகளை நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் பதிவு செய்ய வேண்டும். எங்கே சுமை ஏறும் என்று தெரிந்தால்தான் எந்தத் துணை மின்நிலையத்தை முதலில் பெரிதாக்குவது என்று முடிவெடுக்கலாம்.

இரண்டாவது, சாலையை ஒருமுறைதான் தோண்ட வேண்டும். இன்று பத்து மின்னூட்டிகளுக்குக் கம்பிவடம் போட்டுவிட்டு, ஐந்தாண்டு கழித்து ஐம்பதுக்காக மீண்டும் தோண்டுவது வீண் செலவு. அந்தச் செலவு கடைசியில் கார் இல்லாதவரின் மின்கட்டணத்திலும் ஏறும் என்பதை மறக்கக்கூடாது.

மூன்றாவது, நேரத்துக்கேற்ற கட்டணம். மலேசியாவில் 2025 ஜூலை முதல் வீட்டுப் பயனீட்டாளர்களும் உச்ச நேரத்துக்கு ஒரு கட்டணம், மற்ற நேரத்துக்கு ஒரு கட்டணம் என்ற முறையைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் இதிலும் ஒரு பொறி இருக்கிறது. பத்து மணிக்கு விலை குறைகிறது என்றால் எல்லாக் கார்களும் பத்து மணிக்கே விழித்துக்கொள்ளும். பழைய உச்சம் போய்ப் புதிய உச்சம் பிறக்கும். இதை முன்கூட்டியே உணர்ந்த பிரிட்டன், 2022 ஜூனில் நடப்புக்கு வந்த விதிகளில் ஓர் எளிய தந்திரம் செய்தது. வீடுகளிலும் வேலையிடங்களிலும் பொருத்தப்படும் புதிய மின்னூட்டிகள், மின்னூட்டத்தைத் தொடங்குமுன் பத்து நிமிடம்வரை ஏதோ ஓர் இடைவெளி விட வேண்டும். அப்போது சுமை மதில்போல் எழாமல் சரிவாக ஏறும்.

நான்காவது, பங்கிடுதல். மாமாவின் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

கார்நிறுத்துமிடத்தில் ஓர் இரவு

வீடமைப்பு வளர்ச்சிக் கழகக் கார்நிறுத்துமிடம் ஒன்றில் 20 மின்னூட்டிகள் இருப்பதாகக் கொள்வோம். எல்லாம் முழுவேகத்தில் ஓடினால் 148 கிலோவாட் வேண்டும். கிடைப்பதோ 60 கிலோவாட் மட்டும். போதாது என்றுதானே தோன்றுகிறது?

இருபதில் நான்கு டாக்சிகள். ஒவ்வொன்றும் 250 கிலோமீட்டர் ஓடி வந்திருக்கிறது. 45 யூனிட் வேண்டும். மற்ற பதினாறும் அலுவலகம் போய்வந்த கார்கள். தலைக்கு 8 யூனிட் போதும். மொத்தத் தேவை 308 யூனிட்.

இரவு 9 மணிக்கு எல்லாக் கார்களும் செருகப்படுகின்றன. கட்டுப்பாட்டுக் கருவி 60 கிலோவாட்டைச் சமமாகப் பங்கிட்டு, காருக்கு 3 கிலோவாட் கொடுக்கிறது. 11.40க்குள் பதினாறு கார்களின் தேவையும் தீர்ந்துவிடும். டாக்சிகளுக்கும் 8 யூனிட் சேர்ந்திருக்கும். இனி நான்கு டாக்சிகள்தாம், ஒவ்வொன்றும் 7.4 கிலோவாட் முழுவேகத்தில் எடுக்கலாம். மீதமுள்ள 37 யூனிட்டுக்கு ஐந்து மணி நேரம். விடியற்காலை 4.40க்கு மாமாவின் டாக்சி தயார்! மின்னூட்டும்போது ஏற்படும் சிறு சேதாரத்தை மட்டும் இங்கே சேர்க்கவில்லை.

புதிய மின்மாற்றி வாங்கவில்லை, சாலை தோண்டவில்லை, வரிசையை ஒழுங்குபடுத்தினோம், அவ்வளவுதான்.

ஆனால் எல்லாரும் அதிகாலையில் புறப்படுபவர்களாக இருந்தால்? டாக்சிகள் நான்கல்ல, பதினான்கு என்றால்? 60 கிலோவாட் விடியும்வரை ஓடினாலும் தேவை தீராது. அப்போது யாருக்கு முதலிடம்? முதலில் வந்தவருக்கா, அதிகம் பணம் கொடுப்பவருக்கா, அந்தக் கார்தான் சோறு போடுகிறது என்பவருக்கா? இதற்குப் பொறியியல் பாடநூலில் விடை இல்லை. கருவி "எத்தனை மணிக்குப் புறப்படுவீர்கள், எவ்வளவு வேண்டும்" என்று கேட்கலாம். அதற்குமேல் விதியை வகுக்க வேண்டியவர்கள் மனிதர்கள். விரைவு மின்னூட்டியில் ஒரு மணி நேரம் காத்திருப்பது நமக்கு வெறும் காத்திருப்பு. மாமாவுக்கு அது ஒரு மணி நேர வருமானம்.

மாமாவுக்கு என் பதில்

மாமா, லிஃப்ட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். மின்னூட்டிகளுக்குத் தனிச் சுற்றும் தனிப் பாதுகாப்புச் சாதனமும் இருக்கும். சுமை மிஞ்சினால் முதலில் துண்டிக்கப்படுவது மின்னூட்டிகள்தாம். பாட்டி வழக்கம்போலக் கீழே வந்து போகலாம்.

நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு. "நம் கார்நிறுத்துமிடத்தில் எத்தனை கிலோவாட் ஒதுக்கியிருக்கிறார்கள்? இரவில் அதை எப்படிப் பங்கிடுவார்கள்? டாக்சி ஓட்டுநருக்கு அதில் இடம் உண்டா?" டாக்சி எடுப்பதற்கு முன்னரே குடியிருப்பாளர் கூட்டத்தில் இதைக் கேளுங்கள்.

நண்பர்களே, அந்தக் கூட்டத்தில் நாமும் இருக்க வேண்டும். பழைய தலைமுறையினர் பலர் மின்கட்டணத்தை இன்றும் "பியூபி பில்" என்றே சொல்கிறார்கள். 1995இல் மின்துறை தனி நிறுவனமாகப் பிரிந்து இத்தனை ஆண்டுகள் ஆகியும் அந்தப் பெயர் போகவில்லை. மாற்றங்கள் அவர்கள் வீட்டுக்கு வருகின்றன. விளக்கம்தான் வந்து சேர்வதில்லை. படித்ததைத் தமிழில் எடுத்துச் சொல்ல நமக்குத் தெரிந்திருந்தால், அந்த இடைவெளியில் பாதியையாவது நாமே அடைத்துவிடலாம்.

அடுத்த தீபாவளிக்கு மாமா கேட்டால், முறுக்கைக் கடிக்கும் முன்னே பதில் சொல்லிவிடுவேன்.