மென்பொருள் சொன்னால் மாணவர் குற்றவாளியா?

செயற்கை நுண்ணறிவு பற்றிய பல்கலைக்கழக விதிகளில், மீறலை எப்படி நிரூபிப்பார்கள் என்பதைத்தான் நான் முதலில் தேடுவேன். தடை போடுவது சுலபம்.

2023 ஏப்ரலில் டர்னிடின் நிறுவனம், ஏஐ எழுத்தைக் கண்டறியும் வசதியை வெளியிட்டது. பிழை 1 சதவீதத்துக்கும் குறைவு என்றது. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் கணக்குப் பார்த்தது. 2022இல் அது டர்னிடினுக்கு அனுப்பிய ஒப்படைகள் 75,000. பிழை 1 சதவீதம் என்றாலே 750 ஒப்படைகள் மீது வீண்பழி விழும். ஓகஸ்டில் அந்த வசதியை நிறுத்திவிட்டது.

பழி எல்லோர் மீதும் சமமாக விழுவதுமில்லை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் எழுதிய 91 டோஃபல் கட்டுரைகளை ஸ்டான்போர்ட் ஆய்வாளர்கள் ஏழு கருவிகளில் சோதித்தார்கள். சராசரியாக 61 சதவீதமானவை இயந்திரம் எழுதியவை என்று முடிவு வந்தது. அடுத்த சொல்லை இலகுவில் ஊகிக்க முடிந்தால் இக்கருவிகள் சந்தேகப்படும். இரண்டாம் மொழியில் எழுதுபவர் தனக்குப் பழகிய சொற்களைத்தானே பாவிப்பார்?

ஆங்கில மொழிமூலம் படிக்கும் நம் பிள்ளைகளின் எழுத்தும் அப்படித்தான். கருவியின் சதவீதம் மட்டும் ஆதாரமாகாது என்ற வரியும், வரைவுகளைக் காட்டி நேரில் விளக்கும் உரிமையும் உங்கள் பல்கலைக்கழக விதியில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால், ஒப்படைக்கு முன்பே கேளுங்கள்.