மல்பெரிக்குப் பக்கத்து வயலில் எந்த மருந்து?

பட்டுப்புழு வளர்க்கும் வீட்டில் கொசுவத்தி ஏற்ற மாட்டார்கள். கொசுவைக் கொல்லும் மருந்து புழுவையும் கொன்றுவிடும். ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தின் மேற்குக் கோடியில், கர்நாடகமும் தமிழ்நாடும் நெருக்கி நிற்கும் குப்பம், ராமகுப்பம், வி.கோட்டா, பலமனேர் பக்கத்து ஊர்களில் இது பிள்ளைகளுக்கும் தெரியும். மல்பெரியும் தக்காளியும் அங்கே அடுத்தடுத்த வயல்கள். தக்காளிக்கு அடிக்கிற மருந்து காற்றில் வந்து மல்பெரி இலையில் படிந்தால், அதைத் தின்ற புழு கூடு கட்டாமலே போகலாம். காய்ப்புழுவுக்காகத் தக்காளியில் பரவலாக அடிக்கப்படும் குளோரான்ட்ரானிலிப்ரோல், மிகச் சிறு அளவிலேயே பட்டுப்புழுவைச் சாய்க்கும். ஒரு மாதம் விடிய விடிய இலை போட்டு வளர்த்த குடும்பத்துக்கு அது எத்தனை பெரிய அடி!

பயிர்ப் பூச்சியை அதன் இயற்கை எதிரியை வைத்தே அடக்குவது பற்றிப் பேசும்போது, ‘ரசாயனம் கெட்டது, இயற்கை நல்லது’ என்று சொல்லி முடித்துவிடுகிறோம். மல்பெரி ஊர்களுக்கு அது போதாது. அந்த எதிரி யாரைத் தாக்கும், யாரை விட்டுவிடும் என்று கேட்டாக வேண்டும்.

இரண்டு வயலுக்கும் ஏற்ற எதிரிக்குச் சிறந்த சான்று தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. மெக்சிகோ, நடு அமெரிக்கப் பகுதியைச் சேர்ந்த பப்பாளி மாவுப்பூச்சி 2008 ஜூலையில் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்டது. பெயரில்தான் பப்பாளி; மரவள்ளி, பருத்தி, கத்தரி, மல்பெரி என்று எல்லாவற்றிலும் ஏறியது. கொங்கு மாவட்டங்களின் மல்பெரித் தோட்டங்களில் துளிர்கள் வெளுத்துச் சுருண்டன. பூச்சியின் உடலை மூடிய மெழுகுப் பூச்சு மருந்தை எளிதில் உள்ளே விடாது. மல்பெரியில் மருந்து அடித்தாலோ, அதன் வீரியம் இறங்கும்வரை இலை பறிக்க முடியாது. புழு அதுவரை பட்டினி கிடக்காது. சொந்த மண்ணில் இந்தப் பூச்சியை அடக்கி வைத்திருந்த எதிரிகள் அதனுடன் இங்கே வந்து சேரவில்லை. அதனால்தான் அது இப்படிப் பெருகியது.

ஆகவே அந்த எதிரிகளைத் தேடிக் கொண்டுவந்தார்கள். இன்று தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் என்று அழைக்கப்படும் பெங்களூரு நிறுவனம், 2010 ஜூலையில் அமெரிக்க வேளாண் துறையின் போர்ட்டோ ரிக்கோ நிலையத்திலிருந்து மூன்று குளவி இனங்களை வரவழைத்தது. அவற்றைத் தனிமைப்படுத்தி, வேறு பூச்சிகளைத் தாக்குமா என்று சோதித்த பிறகே, அக்டோபரில் தமிழ்நாட்டில் விடத் தொடங்கினார்கள். மூன்றில் அதிகம் உதவியது அசெரோபேகஸ் பப்பாயே. ஒரு மில்லிமீட்டர் நீளம்கூட இல்லாத குளவி, மனிதரைக் கொட்டாது. மாவுப்பூச்சி இளசாக இருக்கும்போதே அதன் உடலுக்குள் முட்டையிடும். முட்டையிலிருந்து வரும் புழு உள்ளேயே தின்று வளர, மாவுப்பூச்சி உப்பிப் பழுப்பேறி வெறும் ஓடாகும். அந்த ஓட்டைத் துளைத்துக்கொண்டு அடுத்த குளவி வெளியே வரும்.

முளைவிட்ட உருளைக்கிழங்கில் மாவுப்பூச்சியை வளர்த்து, அதில் குளவியைப் பெருக்கி, தோட்டம் தோட்டமாக விட்டார்கள். சில மாதங்களில் பூச்சி அடங்கியது. இதனால் ஐந்து ஆண்டுகளில் கிடைக்கும் பயன் குறைந்தது 52 கோடி டாலர் என்று 2014இல் வெளியான ஒரு பொருளாதார ஆய்வு கணக்கிட்டது. என்னைப் பொறுத்தவரை அந்தத் தொகையைவிடப் பெரிது, மல்பெரி வைத்திருந்தவர் பக்கத்து வயல்காரரிடம் எதுவும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை என்பது. அந்தக் குளவி பட்டுப்புழுவைச் சீண்டுவதில்லை. வரப்பு தாண்டிப் போனாலும் யாருக்கும் கெடுதல் இல்லை.

எல்லா இயற்கை மருந்தும் அப்படி அல்ல. பி.டி. என்று கடைகளில் கேட்டு வாங்கும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் பாக்டீரியாவை எடுத்துக்கொள்வோம். காய்ப்புழுவுக்கு நல்ல மருந்து. மனிதருக்கும் மாட்டுக்கும் தீங்கில்லை. ஆனால் 1901இல் ஜப்பானில் இஷிவாட்டா என்ற அறிவியலாளர் இதை முதலில் பிரித்தெடுத்ததே நோயில் மடிந்த பட்டுப்புழுக்களிலிருந்துதான். புழுவின் குடலைக் குலைப்பது அதன் வேலை. அதற்குக் காய்ப்புழு, பட்டுப்புழு என்ற பேதம் கிடையாது.

பிவேரியா பாசியானா என்ற பூஞ்சையும் அப்படியே. உயிரிப் பூச்சிக்கொல்லியாகப் பொட்டலத்தில் விற்கிறது. புழுவளர்ப்பவர்களுக்கு இதை வேறு முகத்தில் தெரியும்: புழு விறைத்து, வெளுத்து, சுண்ணாம்புக் கட்டிபோல் ஆகிவிடும் மஸ்கார்டின் நோய் இதனால் வருவதுதான். இத்தாலியில் அகோஸ்டினோ பாஸி இந்த நோயை ஆராய்ந்து, ஒரு நுண்ணுயிர் விலங்குக்கு நோய் தர முடியும் என்று 1835இல் காட்டினார். பூஞ்சையின் பெயரில் இருப்பது அவர் பெயர். குளிரிலும் மழையிலும் இந்த நோய்க்கு அஞ்சிப் புழு அறையில் சுண்ணாம்பு தூவுகிற ஊரில், அதே பூஞ்சையைப் பக்கத்துத் தக்காளிக்குத் தெளிக்கச் சொல்வது எப்படிச் சரியாகும்?

ஆந்திராவில் இயற்கை வேளாண்மை இயக்கம் வலுவானது. அதில் பயன்படும் அக்னி அஸ்திரத்தில் பச்சை மிளகாய், பூண்டு, வேப்பிலையோடு புகையிலையும் சேர்கிறது. புகையிலையின் நிகோடினும் பட்டுப்புழுவுக்கு நஞ்சு. மல்பெரி இல்லாத ஊரில் இவை எல்லாமே பயன்படட்டும். மல்பெரி உள்ள ஊரில் பட்டியல் வேறாக இருக்க வேண்டும்.

அந்தப் பட்டியலில் என்ன இருக்கலாம்? காய்ப்புழுவுக்கென்றே ஒரு என்.பி.வி. வைரஸ் இருக்கிறது. பட்டுப்புழுவின் பால் நோய்க்குக் காரணமும் ஒரு என்.பி.வி.தான் என்பதால் சிலர் தயங்குகிறார்கள். இரண்டும் வேறு வேறு வைரஸ்கள். காய்ப்புழுவின் வைரஸ் காய்ப்புழுவோடு நிற்கும். வெயிலில் வீரியம் கெடும் என்பதால் மாலையில் தெளிக்க வேண்டும்.

அடுத்தது டிரைக்கோகிரம்மா. திருப்பதி வட்டாரக் கரும்பு விவசாயிகளுக்குப் புதிய பெயர் அல்ல. குருத்துப் புழு, இடைக்கணுப் புழுவுக்கு எதிராக அட்டையில் ஒட்டி வரும் முட்டை ஒட்டுண்ணி. ஒரு சி.சி. அட்டையில் ஏறக்குறைய 20,000 குளவிகள் இருக்கும். இது அந்துப்பூச்சிகளின் முட்டைக்குள் முட்டையிடுவது. பட்டுப்பூச்சியும் அந்துப்பூச்சி இனம்தானே என்று கேட்கலாம். ஆனால் பட்டுப்பூச்சி மல்பெரித் தோட்டத்தில் முட்டையிடுவதில்லை. முட்டை தயாராவது அதற்கான நிலையங்களின் அறைகளில். ஆகவே வயலில் விடும் குளவியால் பயமில்லை.

தென் அமெரிக்காவிலிருந்து பரவி 2014இல் இந்தியாவில் கண்டறியப்பட்ட தக்காளி ஊசிப்புழுவுக்கு இனக்கவர்ச்சிப் பொறி உதவும். அதன் முட்டையையும் குஞ்சுப் புழுவையும் உறிஞ்சும் நெசிடியோகோரிஸ் என்ற நாவாய்ப்பூச்சி நம் தக்காளி வயல்களிலேயே இருக்கிறது. விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. வீரியமான மருந்தால் கொல்லாமல் இருந்தால் போதும். இரை தீர்ந்தால் செடியையும் கொஞ்சம் குத்தும் என்பது அதன் குறை.

ஊஜி ஈயையும் சொல்ல வேண்டும். மேற்கு வங்கத்திலிருந்து கூடுகளோடு வந்து 1980இல் கர்நாடகத்தில் தலைகாட்டிய இந்த ஈ, பட்டுப்புழுவின் மேல் முட்டையிட்டு அதை உள்ளிருந்து தின்கிறது. அதன் கூட்டுப்புழுவில் முட்டையிட்டுக் கொல்லும் நெசோலின்க்ஸ் தைமஸ் என்ற சிறு குளவியைப் பெருக்கி, புழு அறைகளுக்குக் கொடுக்கிறார்கள். பக்கத்து வயலின் மருந்து இந்தக் குளவியையும் விட்டுவைக்காது. அப்போது மல்பெரிக்காரருக்கு இரட்டை நட்டம்.

தக்காளிக்குத் தோட்டக்கலைத் துறை, மல்பெரிக்குப் பட்டு வளர்ச்சித் துறை. காற்றுக்கு இந்தப் பிரிவினை தெரியாது. 2020இல் கிராமங்களில் தொடங்கிய விவசாயிகள் மையங்கள், இன்றைய ரைத்து சேவா கேந்திரங்கள், குப்பம், பலமனேர் பகுதிகளில் ஒரு பலகை வைத்தால் நல்லது: மல்பெரிக்கு அருகே அடிக்கக் கூடாதவை என்று பி.டி.யும் பிவேரியாவும் குளோரான்ட்ரானிலிப்ரோலும் அதில் இருக்கட்டும். மருந்துக் கடைக்காரருக்கும் அந்தப் பட்டியல் போக வேண்டும். வேறு வழியின்றி அடிக்கத்தான் வேண்டும் என்றால், ஒரு நாள் முன்னதாகப் பக்கத்து வயலுக்குச் சொல்லிவிடலாம். வரப்போர இலையை மல்பெரிக்காரர் முதலிலேயே பறித்துக்கொள்வார்.