சோழவரம் ரேஸ் கூட்டம் எங்கே போச்சு?

சென்னைக்கு வடக்கே ஜி.என்.டி. ரோட்டில், செங்குன்றம் தாண்டினால் சோழவரம். இன்றைய வாலிபர்களுக்கு அது ஒரு ஏரி. பட்டணத்துக்குக் குடிதண்ணீர் தருகிற ஏரி. அவ்வளவுதான் தெரியும்.

தலை நரைத்தவர்களைக் கேட்டால் கதையே வேறு. "சோழவரமா? ரேஸ் நடந்த ஊராச்சே!" என்பார்கள்.

குதிரை ரேஸ் அல்ல, அது கிண்டியில். இது கார் ரேஸ், மோட்டார் சைக்கிள் ரேஸ். ரேஸ் நாளன்று பஸ்ஸிலும் லாரியிலும் சைக்கிளிலும் ஜனங்கள் சாரை சாரையாகக் கிளம்புவார்கள். பல்லாயிரம் பேர் வெட்டவெளியில், கொளுத்துகிற வெயிலில், கால் கடுக்க நின்று பார்ப்பார்கள்.

அந்தக் கூட்டம் இப்போது இல்லை.

பந்தயம் நின்றுவிடவில்லை. முன்னைவிட நல்ல தடம் இருக்கிறது. முன்னைவிட வேகமான வண்டிகள் இருக்கின்றன. உலக அரங்குவரை போன வீரர்கள் இருக்கிறார்கள். கைதட்டத்தான் ஆள் குறைந்துபோச்சு!

என்ன காரணம்?

விமானம் இறங்கிய இடம்

இரண்டாவது உலகப் போர் சமயத்தில் விமானங்கள் இறங்குவதற்காகச் சோழவரத்தில் ஓடுபாதை போட்டார்கள். போர் முடிந்தது. ஓடுபாதை சும்மா கிடந்தது.

1953-ல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பிறந்தது. கார் மீதும் மோட்டார் சைக்கிள் மீதும் மோகம் கொண்டவர்கள் கூடிச் சேர்ந்த சங்கம். தொடங்கியவர்களில் ஒருவர் இந்து சந்தோக். இந்தச் சங்கத்தாருக்குக் கைகொடுத்தது அந்த ஓடுபாதைதான். பந்தயத்துக்கு வேண்டியது நீளமான, நேரான, கெட்டியான தரை. அது தயாராகக் கிடந்தது. வேறென்ன வேண்டும்?

சோழவரத்தின் பெயர் நாடு முழுவதும் பரவியது. கோண்டல் சமஸ்தானத்து இளவரசர் வெளிநாட்டுப் பந்தயக் காரோடு வந்து இறங்கினார். இலங்கையிலிருந்தும் வீரர்கள் வந்தார்கள். 1980-களின் தொடக்கத்தில் விஜய் மல்லையா, ஃபார்முலா ஒன் பந்தயத்துக்காகச் செய்த என்சைன் காரைக் கொண்டுவந்து ஓட்டினார். வெளிநாட்டுக் காரை இறக்குமதி செய்வது குதிரைக்கொம்பாக இருந்த காலம் அது. அந்தக் காரின் உறுமலைக் கேட்கவே ஜனங்கள் ஆவென்று வாய் பிளந்து நின்றார்கள்.

ஆனால் கூட்டத்தைக் கட்டி இழுத்தது பணக்காரர்களின் கார் மட்டும்தானா? இல்லை!

பக்கத்து வீட்டு அம்பாசடர்

அன்றைக்கு நாட்டில் ஓடிய கார்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அம்பாசடர், பியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு. ஹெரால்டு சென்னையிலேயே தயாரான கார். புல்லட் மோட்டார் சைக்கிள் திருவொற்றியூரில் தயாரானது. ஜாவாவும் எஸ்டியும் மைசூரிலிருந்து வந்தன.

சோழவரத்தில் ஓடியவை பெரும்பாலும் இவைதான். மானேஜர் வீட்டு வாசலில் நிற்கிற அதே அம்பாசடர். எதிர்வீட்டு டாக்டர் வைத்திருக்கிற அதே பியட். போலீஸ்காரர் ஓட்டுகிற அதே புல்லட்.

அதே வண்டிதான். ஆனால் அதே வேகம் இல்லை! பின்சீட்டைப் பிடுங்கி எடையைக் குறைப்பார்கள். கார்புரேட்டரை மாற்றுவார்கள். எஞ்சினைக் கடைந்து பெரிதாக்குவார்கள். சைலன்சரைக் கழற்றி வேறு குழாய் மாட்டுவார்கள். இத்தனையும் பெரிய கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடத்தில் நடந்த வேலை அல்ல. உள்ளூர்ப் பட்டறையில், கையில் கிரீஸ் பூசிய மெக்கானிக்குகள் செய்த வேலை.

ஆகவே பார்க்க வந்தவனுக்கு அது சொந்த விவகாரம். பியட் முந்துமா, ஹெரால்டு முந்துமா என்று பந்தயத்துக்கு ஒரு வாரம் முன்பே டீக்கடையில் வாக்குவாதம் கிளம்பிவிடும். எஸ்டி வைத்திருப்பவன் எஸ்டி கட்சி. புல்லட் வைத்திருப்பவன் புல்லட் கட்சி. சைக்கிள் மட்டும் வைத்திருப்பவன்கூட ஏதாவது ஒரு கட்சியில் சேர்ந்துகொள்வான்! "நம்ம வண்டி ஜெயிச்சிடுச்சு" என்று வீடு திரும்புகிற சந்தோஷம் இருக்கிறதே, அதற்காகத்தான் அத்தனை தூரம் போனார்கள்.

1983-ல் ராஜ்தூத் 350 வந்தது. ஜப்பான் யமஹாவின் வண்டி. இங்கே ராஜ்தூத் பெயரில் விற்றது. பிறகு இண்ட்-சுசுகி, ஆர்.எக்ஸ். 100 என்று வரிசையாக வந்தன. இளவட்டங்களுக்குத் தலைகால் புரியவில்லை. கடையில் விற்கிற வண்டி பந்தயத்தில் சீறுவதைக் கண்ணால் பார்த்தார்கள்.

சொந்த இடம் வந்தது

சோழவரம் நிரந்தர இடம் அல்ல. விமான ஓடுபாதை, அரசாங்கத்துச் சொத்து. அங்கே கட்டடம் எழுப்பிக் காலரி கட்ட முடியாது. பாதுகாப்பும் போதாது. வேகம் ஏற ஏற, வெட்டவெளியில் கூட்டத்தை நிறுத்தி வைத்துப் பந்தயம் நடத்துவது ஆபத்து. சொந்தமாகத் தடம் வேண்டும் என்று சங்கத்தார் நினைத்தது நியாயமே.

1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் புதுத் தடம் திறந்தது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம், பெங்களூர் ரோட்டில். சுற்று நீளம் சுமார் 3.7 கிலோமீட்டர். 12 வளைவுகள். பந்தயத்துக்கென்றே போட்ட பாதை. ஓட்டுகிறவனுக்குச் சொர்க்கம்!

பார்க்கிறவனுக்கு?

ஒரு காலரியில் உட்கார்ந்தால் ஒன்றிரண்டு வளைவுகள்தான் கண்ணுக்குத் தெரியும். சர்ரென்று வண்டிகள் போய்விடும். மறுபடி அதே வண்டியைப் பார்க்க ஒன்றரை நிமிஷத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். நடுவில் யார் யாரை முந்தினார், யார் மண்ணில் இறங்கினார் என்பது ஒலிபெருக்கி சொன்னால்தான் தெரியும்.

அப்புறம் இன்னொரு மாற்றம். சோழவரத்து ரேஸ், திருவிழா மாதிரி. தேதி வந்தால் கிளம்பிவிடுவார்கள். சொந்தத் தடம் வந்த பிறகு வருஷத்தில் பல தடவை, பல சுற்றுகளாகப் போட்டிகள். வீரனுக்கு இது நல்லது. அடிக்கடி ஓட்டினால்தான் தேறுவான். ரசிகனுக்கோ, "இந்த வாரம் போகாவிட்டால் அடுத்த மாசம் போகலாம்" என்று ஆகிவிட்டது. அடுத்த மாசமும் போகமாட்டான். தேர் வருஷத்துக்கு ஒரு நாள் ஓடினால்தானே ஊர் கூடும்?

ஒரே மாதிரி வண்டிகள்

கோவையைச் சேர்ந்த எஸ். கரிவரதனைப் பந்தய உலகம் "கரி" என்றே அழைக்கும். சோழவரத்தில் ஓட்டியவர். பந்தயக் கார் பணக்காரர்களின் விளையாட்டாக இருப்பதை மாற்ற ஆசைப்பட்டார். மாருதி 800 எஞ்சினைப் பொருத்தி, ஒற்றை ஆள் உட்காரும் பந்தயக் காரை உருவாக்கினார். 1980-களின் கடைசியில் "ஃபார்முலா மாருதி" வந்தது. குறைந்த செலவு, எல்லாருக்கும் ஒரே மாதிரி கார். ஜெயிப்பது காரா, ஆளா என்ற சந்தேகமே கிடையாது. திறமை உள்ளவன் முன்னே வருவான்.

1995-ல் சிறு விமான விபத்தில் கரி மறைந்தார். அவர் பெயரால் கோவையில் "கரி மோட்டார் ஸ்பீட்வே" இருக்கிறது. அவர் போட்ட விதை பலன் கொடுத்தது. கோவை நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். 2010-ல் சென்னை கருண் சந்தோக் இரண்டாவது இந்தியர். சங்கத்தைத் தொடங்கிய இந்து சந்தோக்கின் பேரன்தான் இவர்!

உலகத்தின் உச்சிக்கு இரண்டு பேர். இரண்டு பேரும் தமிழ்நாட்டிலிருந்து. ஆனால் இதே காலத்தில்தான் உள்ளூர்ப் பந்தயத்துக்குக் கூட்டம் குறைந்தது. இது என்ன விந்தை?

விந்தை ஒன்றும் இல்லை. எல்லாக் காரும் ஒரே மாதிரி என்றால் அம்பாசடர் கட்சி ஏது, பியட் கட்சி ஏது? தரையோடு தரையாகப் படுத்திருக்கும் காரில், ஹெல்மெட்டுக்குள் மறைந்திருக்கும் முகம். காரும் தெரிந்த கார் இல்லை. ஆளும் தெரிந்த ஆள் இல்லை. கைதட்டுவது யாருக்கு?

வீட்டுக்கே வந்த ரேஸ்

1990-களில் கேபிள் டி.வி. வந்தது. ஐரோப்பாவில் நடக்கிற ஃபார்முலா ஒன் பந்தயம் வரவேற்பறைக்கே வந்தது. பத்துப் பதினைந்து காமிராக்கள். வளைவுக்கு வளைவு படம். ஷூமேக்கர் பெயர் பள்ளிக்கூடப் பையனுக்கும் தெரிந்தது. அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு உள்ளூர்ப் பந்தயம் சப்பென்று ஆகிவிட்டது.

இன்னொரு பக்கம், வேகம் சாதாரணப் பொருளாகிவிட்டது. அன்றைக்கு மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தைப் பார்க்கச் சோழவரம் போக வேண்டும். இன்றைக்குத் தவணையில் வாங்கும் பைக்கே அந்த வேகம் போகிறது.

இருங்காட்டுக்கோட்டையிலேயே பாருங்கள். ஹுண்டாய் கார்த் தொழிற்சாலை அங்கேதான் இருக்கிறது. 1998-லிருந்து லட்சக்கணக்கில் கார்கள் அங்கிருந்து வெளிவந்திருக்கின்றன. அதே ஊரில் பந்தயத் தடம். கார் வாங்க ஆள் இருக்கிறது. கார் ரேஸ் பார்க்க ஆள் இல்லை!

ரோட்டில் நடக்கும் விபரீதம்

கூட்டம் வராவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நஷ்டம் இருக்கிறது.

வேகத்தின் மீது வாலிபனுக்கு உள்ள ஆசை செத்துவிடவில்லை. அது இடம் மாறிவிட்டது. மெரினா காமராஜர் சாலையிலும், கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் ராத்திரி வேளையில் பைக் ரேஸ். போலீஸ் பிடிக்கிறது, வண்டியைப் பறிமுதல் செய்கிறது. புத்தாண்டு இரவு வந்தால் ஊர் முழுக்கத் தடுப்புப் போட்டுக் காவல் நிற்கிறது. அப்படியும் உயிர்கள் போகின்றன. வண்டி ஓட்டியவன் மட்டுமா? ரோட்டைக் கடக்க வந்த அப்பாவியும் சாகிறான்.

பந்தயத் தடத்தில் ஆபத்து இல்லையா? இருக்கிறது. 2023-ல் இருங்காட்டுக்கோட்டைத் தடத்திலேயே, 13 வயதுச் சிறுவன் உட்பட இரண்டு பேர் உயிரிழந்தார்கள். டாக்டரும் ஆம்புலன்சும் தயாராக நிற்கிற இடத்திலேயே இந்தக் கதி என்றால், லாரியும் ஷேர் ஆட்டோவும் ஓடுகிற ரோட்டில் என்ன கதி?

தடத்துக்குப் போய்ப் பார்த்தவனுக்கு ஒன்று புரியும். தோல் உடை, ஹெல்மெட், கொடி காட்டும் ஆட்கள், விதிமுறை, தண்டனை. வேகத்துக்கு எத்தனை கட்டுப்பாடு வேண்டும் என்று கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்வான். அந்தப் பாடம் நடுரோட்டில் கிடைக்காது.

ஜனங்கள் மறக்கவில்லை

2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் பாதையில் ஃபார்முலா 4 பந்தயம் நடந்தது. விளக்கு வெளிச்சத்தில் ராத்திரிப் பந்தயம். முதலில் 2023 டிசம்பரில் நடக்க வேண்டியது. மிக்ஜாம் புயலால் தள்ளிப்போனது. கோர்ட்டுவரை வழக்குப் போனது. நகரத்து நடுவில் இது தேவையா, செலவு சரியா என்ற கேள்விகள் கிளம்பின. அந்தக் கேள்விகள் ஒரு பக்கம் இருக்கட்டும். பந்தயத்தைப் பார்க்க ஜனங்கள் வந்தார்கள். இதுவரை ரேஸ் பக்கமே போகாத குடும்பங்கள்கூட வந்தன.

2025 ஜனவரியில் துபாயில் 24 மணி நேரக் கார் பந்தயம். நடிகர் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாவது இடம் பிடித்தது. தமிழ் ரசிகர்கள் அங்கேயும் திரண்டுபோய்க் கூச்சல் போட்டார்கள்.

இரண்டிலும் ஓர் உண்மை தெரிகிறது. தெரிந்த இடத்தில் நடந்தால் வருகிறார்கள். தெரிந்த முகம் ஓட்டினால் வருகிறார்கள். அன்றைக்குச் சோழவரத்தில் தெரிந்த வண்டி ஓடியது, அதனால் வந்தார்கள். ஏதாவது ஒரு சொந்தம் வேண்டும். வெறும் வேகத்தைப் பார்க்க யாரும் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அந்தச் சொந்தம் முழுக்க அறுந்துவிடவும் இல்லை. இருங்காட்டுக்கோட்டையில் மோட்டார் சைக்கிள் பந்தயங்கள் நடக்கின்றன. அவற்றில் ஓடுகிற பல வண்டிகள் ஷோரூமில் விற்கிற வண்டிகளின் உடன்பிறப்புகள்தான். ஓசூரில் தயாராகிற டி.வி.எஸ். அப்பாச்சியை ஓட்டி ஆபீஸ் போகிற குமாஸ்தா சென்னையில் ஏராளம். தான் ஓட்டுகிற வண்டிக்குத் தம்பி முறையான வண்டி பந்தயத்தில் பாய்கிறது என்று அவருக்குத் தெரியுமா? சொன்னவர்கள் யார்?

தடம் போட்டார்கள். வீரர்களை உருவாக்கினார்கள். ரசிகனை மட்டும் தானாக வருவான் என்று விட்டுவிட்டார்கள். சோழவரத்தில் அவன் தானாகத்தான் வந்தான். அது அவன் வண்டி ஓடிய இடம்.