இறக்கத்தில் ஒரு முழங்கால்

தமிழ்நாட்டில் மிக அதிகமாக மழை பெய்யும் ஊர்களில் ஒன்று தேவாலா. தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டிலிருந்து பஸ் பிடிக்கப் போனாலும் ஏதாவது ஒரு சரிவில், பெரும்பாலும் ஈர மண்ணில், இறங்கியாக வேண்டும். முழங்காலுக்கு மேலே கால் அகற்றப்பட்டவருக்கு ஏற்றத்தைவிட இந்த இறக்கமே பெரிய சோதனை.

அவர் இழந்தவை முழங்கால், கணுக்கால் என்ற இரண்டு மூட்டுகள் மட்டுமல்ல. தரை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் உணர்வும் போய்விடுகிறது. தொடை பொருந்தும் சாக்கெட் எங்கே அழுத்துகிறது என்பதை வைத்தே அதை ஊகிக்கிறார். ஒற்றைக் கீல் கொண்ட சாதாரணச் செயற்கை முழங்காலை, குதிகால் தரையைத் தொட்டதும் பிட்டத் தசையால் பின்னுக்குத் தள்ளி நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். பிடி தளர்ந்தால் மடங்கிவிடும். இறக்கத்தில் உடலின் எடை முழங்காலுக்குப் பின்னால் விழுவதால் ஆபத்து இன்னும் கூடுகிறது.

இதற்கு விடை தேடிய கருவிகளில் ஒன்று, சென்னை ஐஐடி ஆய்வாளர்கள் 2022-இல் வெளியிட்ட ‘கதம்’. இதில் ஒரே கீலுக்குப் பதிலாக, ஒன்றோடொன்று இணைந்த நான்கு தண்டுகள் உண்டு. அதனால் சுழலும் மையம் கால் நிமிர்ந்திருக்கும்போது மேலேயும் பின்னேயும் இருக்கும், எளிதில் மடங்காது. காலை முன்னே வீசும்போது நீளம் சற்றுக் குறைந்து, பாதம் தரையில் இடறாமல் போகும். 160 பாகை வரை மடங்குவதால் பஸ் இருக்கையில் ஒடுங்கி உட்காரவும் முடியும்.

ஆனால் எந்த முழங்காலும் இடுப்பின் வேலையைச் செய்துவிடாது. இடுப்பின் பக்கவாட்டுத் தசை வலுவிழந்தால், செயற்கைக் காலில் நிற்கும் நொடியில் இடுப்பெலும்பு மறுபக்கம் சரியும், உடம்பு ஆடும். நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்தால் தொடை முன்பக்கமாக மடங்கி இறுகிவிடும். அப்படி இறுகிய இடுப்பால் காலைப் பின்னுக்குத் தள்ள முடியாது. அதன் பிறகு எவ்வளவு நல்ல கருவி வந்தாலும் முழுப் பயன் இல்லை.

ஆகவே வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அன்பால் தொடைக்கு அடியில் தலையணை வைக்காதீர்கள். மருத்துவர் அனுமதித்ததும் தினமும் சிறிது நேரம் குப்புறப் படுக்கச் சொல்லுங்கள். செயற்கைக் கால் வரும் வரை காத்திராமல் இடுப்புப் பயிற்சியைப் பிசியோதெரபிஸ்டிடம் கேட்டுத் தொடங்குங்கள். படியேறும்போது நல்ல கால் முதலில்; இறங்கும்போது செயற்கைக் கால் முதலில். செங்குத்துச் சரிவில் நல்ல கால் மேட்டுப் பக்கம் இருக்க, பக்கவாட்டில் அடி வைத்து இறங்கட்டும்.