நெடுந்தூர ஆகாயப் பிரயாணமும் பொழுதுபோக்கலும்

பொழுது என்னுஞ் சொல் தமிழிலே ஞாயிற்றையுங் குறிக்கும்; காலத்தையுங் குறிக்கும். பொழுது புலர்ந்தது என்பர், பொழுது சாய்ந்தது என்பர். பொழுது போகவில்லை என்று சலிப்போரும் அச்சொல்லையே ஆளுவர். தொல்காப்பியர் முதற்பொருளை நிலமும் பொழுதும் என இரண்டாக வகுத்து, ஒவ்வொரு நிலத்துக்கும் அதற்குரிய பொழுதை உரிமையாக்கினார். நிலத்தை விட்டெழுந்து மேகங்களுக்கு மேலே பத்துப் பதினைந்து மணித்தியாலஞ் செல்லும் ஆகாயவிமானத்திலோ நிலமும் இல்லை. அந்நிலத்துக்குரிய பொழுதும் இல்லை. யன்னலை மூடினால் இரவு, திறந்தாற் பகல். அங்கே பொழுது போக்குதல் ஏன் அரிதாகின்றது என்னும் வினாவுக்கு விடையிற் பெரும்பகுதி இதனுள்ளே அடங்கும்.

இவ்வகைப் பிரயாணத்தின் வரலாற்றில் இலங்கைக்கு ஒரு தனியிடம் உண்டு என்பதை இக்கால மாணவரிற் பலர் அறியார். 1942 பெப்ரவரியிற் சிங்கப்பூர் யப்பானியர் வசமாயிற்று. அதனோடு அவுஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே இருந்த வான்வழி அறுந்தது. அறுந்த வழியை மீண்டும் இணைப்பதற்கு இந்து சமுத்திரத்தை எங்குந் தங்காது ஒரே மூச்சிற் கடத்தலன்றி வேறு வழி தோன்றவில்லை. 1943ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலே குவாண்டாஸ் நிறுவனத்தார் கற்றலீனா என்னும் நீர்விமானங்கள் ஐந்தைக் கொண்டு, மேற்கு அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரத்துச் சுவான் ஆற்றுக்கும் காலிக்குத் தென்கிழக்கேயுள்ள கொக்கலை வாவிக்கும் இடையே இச்சேவையைத் தொடங்கினர். தூரம் ஏறத்தாழ 5,650 கிலோமீற்றர். வேகம் மணிக்கு ஏறத்தாழ 200 கிலோமீற்றர். ஆதலின் ஒரு பிரயாணம் 27 மணித்தியாலத்துக்குக் குறையாது. காற்று எதிர்த்தால் 32 மணித்தியாலமும் ஆகும். நம் முன்னோர் கணக்கிற் கூறின் அறுபது நாழிகை கொண்ட ஒரு நாள் முழுவதுங் கழிந்து, எண்பது நாழிகைவரை நீளுவது.

எரிபொருளின் பாரத்தினால் மூன்று பிரயாணிகளுக்கு மேல் ஏற்றுதல் இயலாதாயிற்று. அவர்களோடு 69 கிலோகிராம் தபாலுஞ் செல்லும். பாரங் குறைப்பதற்காகக் குளிரையும் ஒலியையுந் தடுக்கும் உட்பூச்சுகளும் அகற்றப்பட்டிருந்தன. பகைவர் செவியிற் படாதிருக்க வானொலி மௌனங் காத்தது. விமானிகள் விண்மீன்களையே நோக்கி வழியறிந்தனர். அதற்கேற்பவே அவ்வைந்து விமானங்களுக்கும் விண்மீன்களின் பெயர்களை இட்டிருந்தனர்: அல்ரெயர், வேகா, ஸ்பைக்கா, அன்ராறிஸ், றைஜெல் என்பன. இவற்றுள் முன்னைய நான்கும் நம் பஞ்சாங்கத்துக்குப் புதியன அல்ல. முறையே திருவோணம், அபிசித்து, சித்திரை, கேட்டை என்பனவே அவை. ஐந்தாவது, திருவாதிரை விளங்கும் அதே மண்டலத்தில் ஒளிர்வது. கொக்கலை வாவியில் நட்சத்திரப் பெயர் பூண்ட விமானங்கள் இறங்கிய காட்சியை நினைத்துப் பார்த்தல் தகும்.

யப்பானியர் காவல்புரிந்த வான்பரப்பை இருளிற் கடக்குமாறு புறப்படும் வேளை வகுக்கப்பட்டது. ஆகவே வழியிலே பிரயாணிகள் இருமுறை சூரியோதயங் கண்டனர். இருமுறை விடியல் கண்டோர்க்கு 'இரட்டைச் சூரியோதய இரகசியச் சங்கம்' என்னும் பெயரால் ஒரு நற்சாட்சிப் பத்திரமும் வழங்கப்பட்டது. இரவில் விண்மீன், காலையில் ஞாயிறு, கீழே கடல், செவியில் இயந்திர முழக்கம் என்பனவன்றி அவர்க்கு வேறு பொழுதுபோக்கு அரிது. 1945 யூலையில் முடிவுறும்வரை 271 தடவை இச்சமுத்திரம் கடக்கப்பட்டது. ஒரு விமானமும் அழியவில்லை. 1944 முதல் லிபரேற்றர் என்னும் தரைவிமானங்களும் இரத்மலானைக்கு வந்து, பிரயாண நேரத்தைப் பெரிதுங் குறைத்தன. அவ்விமானத்தளம் கிருலப்பனைக்குச் சில மைல் தெற்கே இன்றும் இருக்கின்றது.

இனி, பொழுது நீள்வதற்குரிய மனவியற் காரணத்தை நோக்குவாம். அமெரிக்க உளவியலறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1890இல் வெளியிட்ட தமது பெருநூலில் இதனை ஆராய்ந்துள்ளார். பல்வேறு அனுபவங்களால் நிறைந்த காலம் கழியும்போது குறுகியதாகவும், பின்னர் நினைக்கையில் நீண்டதாகவும் தோன்றும். வெறுமையான காலமோ கழியும்போது நீண்டு, நினைவிற் சுருங்கிவிடும் என்பது அவர் கருத்து. முற்காலத்தில் கொழும்பிலிருந்து கப்பலேறி மூன்று வாரம் அளவிற் கடலிற் சென்று இங்கிலாந்து சேர்ந்த மாணவர், அப்பிரயாணத்தைப் பற்றி ஆயுள் முழுவதும் பேசினர். ஏடனும் சூயஸ் கால்வாயும் மேற்றளத்து விளையாட்டுக்களும் அவர்தம் நினைவை நிறைத்தன. இன்று பதினான்கு மணித்தியாலம் விமானத்திலிருந்து இறங்குவோரிடம் வழியிற் கண்டது யாது என வினவின், உணவு வந்தது என்பதற்கு மேற் சொல்வது அரிது. ஆசனத்துக்கு முன்னே திரையிருப்பினும் நான்காவது திரைப்படத்தில் மனம் ஒட்டுவதில்லை. ஒரே தன்மைத்தான பொழுதுபோக்கு, பொழுதைப் போக்கும் வலியை விரைவில் இழந்துவிடுகின்றது. ஆதலாற் சிறிது வாசித்து, சிறிது உலாவி, சிறிது உரையாடி, சிறிது உறங்கி எனக் காலத்தைத் துண்டுகளாக வகுத்துக்கொள்வோர்க்கே அது எளிதிற் கழிகின்றது. வீட்டிலிருந்து கணக்குப் புத்தகம் ஒன்றையோ, செபமாலையையோ கொண்டுசெல்வோர் திரையையே நம்பியிருப்போரிலும் அமைதியாக இருத்தல் வியப்பன்று.

இவையெல்லாம் கல்வி கற்று ஆங்கிலம் அறிந்தோர்க்கு ஒரு சிறு தொல்லையே. கிருலப்பனையிலும் வெள்ளவத்தையிலுங் கொட்டாஞ்சேனையிலுமிருந்து பேரப்பிள்ளைகளைப் பார்ப்பதற்குக் கனடாவுக்குத் தனியே செல்லும் மூதாட்டியரின் நிலை வேறு. கொழும்பிலிருந்து துபாய்க்கு நாலரை மணித்தியாலம். அங்கிருந்து ரொறன்ரோவுக்கு ஏறத்தாழப் பதினான்கு, அஃதாவது முப்பத்தைந்து நாழிகை. நடக்க வலியுள்ளோரும், மாறுமிடத்தில் வழி தவறாதிருத்தற்பொருட்டுச் சக்கர நாற்காலி வேண்டிக்கொள்வர். அது நல்ல உபாயமே. ஆனால் விமானத்தினுள்ளே அயலிலிருப்போரை எழுப்பக் கூசி அசையாதிருப்பர். கழிப்பறைக்குப் போக அஞ்சித் தண்ணீரும் பருகார். தீங்கு விளைவது இங்கேதான். விமானத்தினுள் காற்றின் ஈரப்பதன் பெரும்பாலும் நூற்றுக்கு இருபதுக்குங் குறைவு; காற்றழுத்தமோ 1,800 முதல் 2,400 மீற்றர் வரை உயர்ந்த மலையின் மேலுள்ளதற்கு ஒப்பானது. நுவரெலியாவிற் பாலைவனத்து வறட்சியோடு இருப்பது போன்ற நிலை எனலாம். முழங்காலை மடித்து நெடுநேரம் அசையாதிருப்பின் காலின் ஆழ்நாளங்களில் இரத்தம் உறையக்கூடும். அவ்வுறைகட்டி சுவாசப்பையைச் சென்றடையின் உயிருக்கே ஆபத்து. நாலு மணித்தியாலத்துக்கு மேற்பட்ட பிரயாணத்தினால் இவ்வாபத்து ஏறத்தாழ இருமடங்காகும் என்றும், எனினும் அது ஆறாயிரவரில் ஒருவர்க்கே நேர்வது என்றும் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007இற் கூறியது. முன்பே நோயுற்றோர்க்கும் அண்மையிற் சத்திரசிகிச்சை பெற்றோர்க்கும் அது மிகும். அவர்கள் வைத்தியரைக் கேட்டே புறப்படல் வேண்டும்.

ஆகவே நடைபாதையோரத்து ஆசனத்தைப் பிள்ளைகள் முன்னரே ஒழுங்கு செய்துகொடுத்தல் நன்று. 'தண்ணீர் வேண்டும்' என்பதையும், 'சைவ உணவு' என்பதையும் ஆங்கிலத்தில் ஒரு கடதாசியில் எழுதிக் கையிற் கொடுத்தனுப்பினால் பாதி அச்சம் நீங்கும். மணிக்கு ஒருமுறை எழுந்து நடத்தலும், இருந்தவாறே குதிக்காலை உயர்த்தித் தாழ்த்தலும் உடற்குங் காவல், பொழுதுக்கும் ஒரு போக்கு.

கொக்கலைப் பிரயாணத்தின் பெயரை நினைவூட்டுமாறு 'சூரியோதயத் திட்டம்' எனப் பெயரிட்டுக் குவாண்டாஸ் நிறுவனத்தார் 2019 ஒக்ரோபரில் நியூயோர்க்கிலிருந்து சிட்னிக்கு ஒரு பரிசோதனைப் பிரயாணம் நடத்தினர். அது 19 மணித்தியாலம் 16 நிமிடம் நீடித்தது. இரவிற் புறப்பட்டும் விளக்குகளை அணைக்காது, சிட்னியிற் பகலாயிருந்தமையால் காரமான உணவும் உடற்பயிற்சியுங் கொடுத்துப் பிரயாணிகளை விழித்திருக்கச் செய்தனர். அங்கே இரவானபின் உறங்கவிட்டனர். காரத்தின் இப்பயனை நம்மவர்க்கு எவருங் கற்பிக்க வேண்டியதில்லை.

இதன் அடிப்படை, உடலினுள்ளே ஒரு கடிகாரம் உண்டு என்பதே. அது வெளிச்சத்தினாற் சிறிது சிறிதாகவே திருத்தப்படும். நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மணித்தியாலமே நகரும். கோடைகாலத்தில் ரொறன்ரோவுக்கும் கொழும்புக்கும் ஒன்பதரை மணித்தியால வேறுபாடு உண்டு. போய்ச் சேர்ந்த மறுநாள் விடியற்காலம் 3 மணிக்கு எழுந்து, பசிக்கின்றது என்று அடுக்களையில் விளக்கேற்றும் அம்மம்மாவைக் கண்டு பேரப்பிள்ளைகள் நகைப்பர். கிருலப்பனையில் அப்போது மணி பகல் 12.30.